உன் தங்கை நடக்கிற சந்து

அன்றைக்குச் சந்தில் நின்றவர்கள் ஆறு பேர். பக்கத்து வீட்டுக்காரர் கோதண்டபாணி, வெள்ளை வேட்டியும் கையில் சாவிக்கொத்துமாக. அவர் வீட்டில் பதினெட்டு வருஷமாக வாடகைக்கு இருந்த ஜமால் பாய், தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், விரலெல்லாம் எண்ணெய்க் கறையோடு. என் கூடப் பிறந்த தம்பி, உன் தாய்மாமன் சிகாமணி. உன் தங்கை செல்வி, கழுத்தில் அளவு டேப் தொங்க. கிண்டிக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நீ. ஆறாவது ஆள் நான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் எப்போது காலை மாற்றி வைத்தார்கள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறு வருஷம் ஆகிவிட்டது, ஒரு துளி அழியவில்லை. உனக்கு அழிந்திருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருந்தவனுக்கு எவ்வளவுதான் காதில் விழுந்திருக்கும்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து டிவி மேல் ஒரு காகிதத்தை வைத்தாய். "மாமா பேசி முடிச்சிட்டாரும்மா, அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்" என்றாய். பிள்ளைகள் முன்னால் நான் வாய் திறக்கவில்லை. உன் பெண்டாட்டி, ஆதம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் கூட்டம் அதிகமாகிவிடும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். நீ போன பிறகு செல்வி அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். தற்போது உள்ள வேலியையே இரு தரப்பும் நிரந்தர எல்லையாக ஏற்றுக்கொள்கிறோம் என்ற இடம் வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது. மேலே அவள் படிக்கவில்லை. மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, யாரோ ஒருத்தியின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் வாசலுக்கு வருகிறேன், சந்துக்குள் கடைசி வரை போய்த் திரும்புகிறேன். பக்கத்தில் கோதண்டபாணியின் பழைய வீட்டைப் புதுக் கட்டடத்துக்காக இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு மெஷின் வைத்துத் தரையைக் குடைகிறார்கள், என் பாத்திர அலமாரி நடுங்குகிறது. போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால், நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்பாய், பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், நான் மறந்துவிடுவேன் என்று இல்லை, நீ கேட்காமல் விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்று உனக்குத் தெரியும். செல்வியின் அளவு நோட்டில் பின்பக்கங்களில் எழுதுகிறேன், முன்பக்கம் யார் யாருடைய தோள் அகலமோ கை நீளமோ இருக்கும், அதைப் பார்க்காதே. யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். இனிமேல் மூடி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தச் சந்து யாருடையது என்று முதலில் உனக்குச் சொல்கிறேன். பத்திரத்தில் உங்கப்பா பெயர், இப்போது உன் பெயர். அதைச் சொல்லவில்லை நான். செல்வி அவள் புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தபோது, தெருவில் நாலு பேர் வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் முன்கதவு வழியாக உள்ளே வந்தாள். ஒவ்வொரு தடவை வெளியே போய் வரும்போதும் யாராவது ஒருத்தர், "இன்னும் கெளம்பலையா செல்வி?" என்று கேட்பார்கள். மாசம் ஆறு ஆனதும் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க மட்டும் செய்தார்கள். அது இன்னும் மோசம். உங்கப்பா அதிகம் பேசாத மனுஷன். ஒரு நாள் கொத்தனாரைக் கூட்டிவந்து, பின் அறைச் சுவரை உடைத்துச் சந்துப் பக்கம் ஒரு கதவு வைத்தார். சாவியை அவள் கையில் கொடுத்து, "இந்த வூட்ல நீ யாரையும் கேட்டுக்கினு உள்ள வர வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரமே அவள் தையல் மெஷினை அங்கே போட்டாள். தெருவிலிருந்து சந்து வழியாக நேரே அவளிடம் பெண்கள் வந்தார்கள், அளவு கொடுத்தார்கள், சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். நாலரை அடி அகலம். குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரும் புதிருமாக வரலாம்.

அந்தச் சந்துக்கும் கோதண்டபாணி வீட்டுக்கும் நடுவில் இருந்தது கல் வேலி. ஆறு கருங்கல் தூண், நடுவில் கம்பி. நீ மூன்றாவது படிக்கும்போது உங்கப்பாவும் சிகாமணியும் நட்டது. சிகாமணிக்கு அப்போது இருபது வயது இருக்கும். எங்கம்மா செத்த பிறகு அவனை நான்தான் இங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன், உன்னை இடுப்பிலும் அவனைக் கையிலுமாக வளர்த்தேன் என்று வைத்துக்கொள். நாலாவது தூண் நடும்போது அவன் காலில் கல் சாய்ந்து பெருவிரல் நகம் போய்விட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து நான்தான் கட்டினேன். அந்த நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது, செருப்பில்லாமல் வரும்போது பார்.

உங்கப்பா போய் மூன்றாவது மாசம் அந்தப் புயல் வந்தது. கோதண்டபாணி வீட்டு வாதாமரம் வேரோடு சாய்ந்து நம் வேலி மேல் விழுந்தது. மூன்று தூண் முறிந்தது, மற்றவை பல்லாட்டம் ஆடின. மரம் அவருடையது, உடைந்தது நம்முடையது. மறுநாளே சிகாமணி கடப்பாரையோடு வந்துவிட்டான். இதை நான் மறைக்கக் கூடாது. "அக்கா, வேர் ஈரமா கீது, இப்பவே வெட்டித் தள்ளிட்டு அதே குழில நட்டுர்லாம்" என்றான். நீயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாய். நான்தான் வேண்டாம் என்றேன். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரைக்கும் மண்ணில் கடப்பாரை இறக்கக் கூடாது. என் மாமியார் அப்படித்தான் வைத்திருந்தாள், நானும் அப்படித்தான் வைத்தேன். இறக்கினால் இன்னொன்று கேட்கும் என்பாள் அவள். உங்கப்பா போன மூன்றாம் மாசம், எனக்கு உங்கள் இரண்டு பேர் முகமும்தான் கண்ணில் நின்றது. வேலி போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கோதண்டபாணி வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். "கவலைப்படாதமா. உங்க ஊட்டு வழக்கம் எனக்கும் தெரியும். குழியே தோண்ட வேணாம். நான் என் செலவுல தடுப்பு வச்சித் தரேன், வருஷம் முடிஞ்சதும் பழைய எடத்துக்கே போட்டுக்கலாம்" என்றார். சொன்னபடி செய்தார். பழைய பெயிண்ட் டின்களில் சிமெண்டைக் கொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சவுக்குக் கம்பை நிறுத்தி, தகரம் அடித்தார். மரத்தின் வேர்க்கட்டை எல்லைக்கோட்டிலேயே கிடந்ததால் டின்களை நம் பக்கம் இரண்டடி தள்ளி வைத்தார். மண்ணைத் தொடாமல் ஒரு வேலி! எவ்வளவு பதவிசு என்று எனக்குத் தோன்றியது. வேலை செய்த ஆட்களுக்கும் அவருக்கும் நான் என் கையால் காபி போட்டுக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டேன். டின்தானே, தூக்கி வைத்தால் போச்சு என்று நினைத்தேன். ராசா, இதை மட்டும் மனசில் வை. தூக்கி வைக்கலாம் என்று இருக்கிற பொருளைத்தான் யாரும் தூக்கி வைக்க மாட்டார்கள். ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் போதும். துக்க வீட்டில் பேனா எடுக்கக் கூடாது என்று என் மாமியார்கூடச் சொன்னதில்லை.

வருஷம் முடியும் வரைக்கும் டின் அப்படியே இருந்தது. வேர்க்கட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் முதலில் ஒரு சைக்கிள் நின்றது, அப்புறம் அவர் வீட்டுக் குடித்தனக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன, அப்புறம் அங்கே ஒரு மோட்டார் வந்தது, அதற்குச் சின்னதாய் ஒரு சிமெண்டுக் கூண்டு. நான் கேட்டபோதெல்லாம், "வருஷம் முடியட்டும்னு நீங்கதானேமா சொன்னீங்க" என்பார். டின்களின் அகலமும் போக மிச்சம் இருந்த இடத்தில் செல்வி மெல்ல மெல்ல உடம்பைத் திருப்பி நடக்கப் பழகினாள். "நண்டா பொறந்திருந்தா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்று சிரிப்பாள். வருகிற பெண்களில் கொஞ்சம் பருமனானவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அதை அவள் சிரித்துச் சொன்னதில்லை.

வருஷத் திதி முடிந்த எட்டாம் நாள் அந்த ஆறு பேரும் சந்தில் நின்றோம். நான்தான் எல்லோரையும் கூப்பிட்டேன். நீ வந்ததும், "சீக்கிரம் பேசுங்கம்மா" என்றாய். கோதண்டபாணி சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே, "கல் எங்க இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மழை தண்ணில எல்லாம் பூடுச்சு. இப்ப இருக்கிறதே சரியான எடம்தான்" என்றார்.

அப்போது யாரும் கேட்காமலே பேசினார் ஜமால் பாய். "மன்னிச்சுக்கங்க ஓனரே, கல்லு இங்கதான் இருந்துச்சு" என்று, மோட்டார்க் கூண்டுக்குப் பக்கத்தில் காலால் ஒரு கோடு போட்டார். "டெய்லி இதுலதானே என் சைக்கிள சாச்சு வைப்பேன். பதினெட்டு வருசம் சாச்சிருக்கேன், எடம் மாறுமா?"

"பாய், நீ வாடகைக்கு கீறவன். உனக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு?"

"வாடகைக்குத்தான் இருக்கேன். கண்ணு சொந்தமாச்சே."

செல்வி சிரித்துவிட்டாள். கோதண்டபாணி அவளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரிமா. கல்லு நட்டவன் உன் தம்பிதானே? அவன் சொல்லட்டும். கற்பூரம் அணைச்சு, இங்கதான் நட்டேன்னு அவன் ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கே டின்னத் தூக்கிடறேன். நானும் சாமி கும்புடறவன்தான்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஜெயித்தோம் என்று நினைத்தேன். செல்வி ஓடிப்போய்த் தட்டில் கற்பூரம் கொண்டுவந்து ஏற்றினாள். சிகாமணி தட்டுக்கு முன்னால் வந்து நின்றான். அவன் வலது கை கொஞ்சம் எழுந்தது. பிறகு அது இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றான்.

"இன்னாடா ஞாபகமில்ல?" என்று கேட்டேன்.

"முப்பது வருசம் ஆச்சேக்கா. இங்கியா அங்கியான்னு எப்படிச் சொல்றது? சத்தியம்னா சும்மாவா? அன்னிக்கே நட்டுர்லாம்னு வந்தேன், நீதானே வாணாம்னே? இப்ப என்ன வந்து கேட்டா?"

கற்பூரத்தை யாரும் அணைக்கவில்லை. தானாகவே எரிந்து தட்டில் கறுப்பாக ஒட்டியது. நீ மணியைப் பார்த்தாய். "விடுங்கம்மா, ரெண்டு அடிதானே" என்றாய். அதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ போனதும் கோதண்டபாணி சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "இந்தாமா, வம்பு வாணாம். ஒரு அடி நான் தள்ளிக்கிறேன், ஒரு அடி நீ விட்டுக் கொடு. பொண்ணு நடந்து போவட்டும்" என்றார். ஒரு அடி கையில் வந்து நின்றது, ராசா. மூன்றரை அடி ஆகியிருக்கும். குடையை மடக்கிக்கொண்டால் இரண்டு பேர் போகலாம். ஆனால் என் கோபமெல்லாம் அப்போது என் தம்பி மேல் இருந்தது. அவனைத் திட்ட முடியவில்லை, தூக்கி வளர்த்தவன். சொல்லை எடுத்து எதிரில் நின்றவர் மேல் எறிந்தேன். "வாரிசில்லாத ஆளுக்கு அடுத்தவன் மண்ணு எதுக்கு? யாரு வந்து ஆளப் போறாங்க?" என்றேன். மேலே மாடியில் அவர் மனைவி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் பிழிந்த புடவையோடு அப்படியே நின்றாள். கோதண்டபாணி சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அதோடு அந்த ஒரு அடியும் போனது. அதற்குப் பிறகு நான் அவர் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை, போன வருஷம் அவள் இறந்தபோது வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ அவரிடம் பேசப் போனால் நிலத்தைப் பற்றி மட்டும் பேசு. ஆள் இளகுவது கண்ணில் தெரிந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள். உன் அம்மாவுக்கு அது வரவில்லை.

ஒரு மாசத்துக்குள் ஜமால் பாயைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பழுது பார்க்கப் போகிறோம் என்று காரணம். பாய் அதையே நம்மிடமும் சொன்னார். போகிற அன்றைக்குச் செல்வியின் மெஷினைக் கடைசியாக ஒரு தடவை பிரித்து, எண்ணெய் போட்டு, ஊசியை மாற்றிக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு வருசம் ஒண்ணும் பண்ணாது" என்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, உங்களுக்காக இல்ல, கல்லு அங்கதான இருந்துச்சு" என்றார். சாமான் வண்டி தெருமுனையில் நின்றது. ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கொண்டுபோனார்கள். எங்கோ புறநகரில் வீடு பார்த்திருக்கிறார் என்று மட்டும் தெரியும். உன் போனில் அவர் நம்பர் இருந்ததே, ஒரு நாளாவது பேசினாயா?

இனிமேல் எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. செல்விக்கும் தெரியாது, இந்த நோட்டைத் திறந்தால் அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

பாய் போய்ப் பத்து நாள் இருக்கும். மத்தியானம், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சிகாமணி வந்தான். கையில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். "அக்கா, வெள்ளிக்கிழம பால் காய்ச்சறோம். நீதான் வந்து முன்னாடி நிக்கணும், எனக்கு அம்மா கீதா, ஆயா கீதா?" என்றான். அவன் அதுவரைக்கும் வியாசர்பாடியில் மாமனார் வீட்டு மாடியில் தகரக் கொட்டகையில் இருந்தான் என்பது உனக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. எங்கேடா வீடு என்று கேட்டேன்.

"பக்கத்துலதான்க்கா."

"எந்தப் பக்கத்துல?"

"அதான்... பாய் இருந்த போர்ஷன்."

முறத்தைக் கீழே வைத்தேன். நான் கேட்டேன்: "சிகாமணி, கல்லு எங்க இருந்துச்சு?"

அவன் என்னைப் பார்க்காமல் பூவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "பாய் கோடு போட்ட எடத்துலதான்க்கா. எனக்கு மறக்குமா? நகம் போன எடமாச்சே. ஆனா எனக்கும் ஒரு வீடு வேணும் இல்ல? உன் பையனுக்கு ஆதம்பாக்கத்துல ஃப்ளாட்டு கீது. உனக்கு இது கீது. எனக்கு இன்னா கீது? அவரு முன்னாடியே சொல்லிட்டாரு, பாய் காலியானா உனக்குத்தான்னு."

முன்னாடியே. அந்தச் சொல்லைக் கவனித்தாயா? சந்தில் நாங்கள் ஆறு பேர் நிற்பதற்கு முன்னாடியே. அவன் கை எழுந்து மறுபடி இடுப்பில் போய் உட்கார்ந்ததே, அப்போது அவன் மனசில் பாயின் அடுப்படியும் பாயின் ஜன்னலும் இருந்திருக்கின்றன. பாய் அங்கே நின்று அவனுக்காகவும் சேர்த்துத்தான் உண்மை பேசிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேள். வெள்ளிக்கிழமை போனேன். அந்த அடுப்படிச் சுவரில் பாய் வீட்டு ஆணி அப்படியே இருந்தது. பால் பொங்கியது, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான், குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து செல்வி கேட்டாள், "மாமாவுக்கு எப்படிம்மா அந்த வீடு கெடச்சுது?" என்று. "அதிர்ஷ்டம்" என்று சொன்னேன். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். அவனையும் வெளியே தள்ளிவிட்டால் நான் யாருக்கு அக்கா? தாலுகா ஆபீசில் மனு கொடுத்து அளக்கச் சொல்லலாம் என்று நீ ஒரு தடவை சொன்னாய், நான் தட்டிக்கழித்தேன், அலைச்சல் என்றேன். அலைச்சல் இல்லை. அளந்தால் கல் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும், கூடவே என் தம்பி எப்படிப்பட்டவன் என்றும் தெரிந்துவிடும். அதற்காக ஆறு வருஷம் உன் தங்கையைப் பக்கவாட்டில் நடக்கவிட்டேன். இதுதான் நான் செய்தது. டின் வைக்கவிட்டது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

இப்போது அவன் உனக்குக் காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறான். புதுக் கட்டடத்தில் அவனுக்குக் கீழே ஒரு கடை என்று பேச்சு, தெருவில் எல்லோருக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியவில்லை போலிருக்கிறது. தகரம் இருக்கிற இடத்தில் சுவர் எழுப்பினால், அதன் கனமும் போக மிச்சம் இருப்பது பூனை போகிற வழி. "செல்வி ஹால் வழியா வந்துட்டுப் போவட்டுமே" என்று நீ சொன்னாய். என்னை ஆதம்பாக்கம் கூட்டிப்போன பிறகு ஹாலை வாடகைக்கு விடப் போகிறாய் என்று உன் பெண்டாட்டி போனில் பேசியது எனக்குக் கேட்டது. அப்போது செல்வி எந்த வழியாக வருவாள்? யாரோ ஒரு குடித்தனக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு, அவன் சாப்பிடுகிற தட்டைத் தாண்டித் தன் அறைக்குப் போவாளா? அவளிடம் துணி தைக்க எவள் வருவாள்? நாற்பத்திரண்டு வயசில் அவளை மறுபடியும் துணிப்பையோடு நிறுத்தப் போகிறாய். நீ கெட்டவன் இல்லை. உனக்கு நேரம் இல்லை. இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன.

அதனால் நான் ஒன்று செய்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. உன் பெயரில் இருக்கிற வீடு, அளக்கச் சொல்லும் மனுவில் உன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பட்டா மாற்றும்போது நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அதிகாரப் பத்திரம் பெட்டியில் இருந்தது. செல்வியும் நானும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம், இ-சேவையில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். வருகிற வியாழக்கிழமை சர்வேயர் அளக்க வருகிறார். பக்கத்து வீட்டுக்கும் நோட்டீஸ் போய்விட்டது. நேற்றுக் காலை கோதண்டபாணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கிழவராகிவிட்டார், கையில் சாவிக்கொத்து இல்லை, எல்லாம் கட்டடக்காரனிடம் கொடுத்துவிட்டார்.

"இன்னாமா, இத்தினி வருசம் கழிச்சு?" என்றார்.

"அளக்கட்டும். உங்க பக்கம் வந்தா நான் வாய மூடிக்கிறேன். எங்க பக்கம் வந்தா நீங்க தகரத்த எடுத்துடுங்க" என்றேன். அப்புறம், அதைச் சொல்வதற்காகவே ஆறு வருஷம் நின்றவள் மாதிரி, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க சம்சாரம் காதுல விழுந்துச்சு. அதுக்கு மட்டும் மன்னிச்சுடுங்க" என்றேன். அவர் நோட்டீசை நாலாக மடித்தார். "அவ அத ஒரு நாள்கூட எங்கிட்ட சொல்லிக் காட்டல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு இருந்தது அதோடு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் தன் வீட்டுக்குப் பார்த்தான், அவ்வளவுதான். அளவு கையில் வந்ததும் அவரிடம் கணக்காகவே பேசு, ஆனால் மரியாதையாகப் பேசு.

வியாழக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு வா. ஹெல்மெட்டை வீட்டுக்குள் வைத்துவிட்டு வா. சர்வேயர் செயினைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பார், நீ பிடி. செல்வியை உன் பக்கத்தில் நிற்க வை, உள்ளே போய்க் காபி போடு என்று அனுப்பாதே. ஜமால் பாயின் நம்பரைத் தேடி எடுத்து அவரையும் கூப்பிடு. சாட்சிக்கு இல்லை, அவர் ஒரு தடவை சொன்னதே போதும். சொன்னது சரிதான் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து வேண்டாம். அளவு நமக்கு எதிராகவே வந்தாலும், செல்வியின் கதவுக்கு வழி என்ன என்று எழுதாத காகிதத்தில் உன் பெயர் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை நீ வியாழக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே. என் காலம் முடிகிற அன்றைக்கு, குளிப்பாட்டி வாசலில் போட்டிருக்கும்போது, பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று பெரியவர்கள் கேட்பார்கள். எனக்குப் புடவை கொண்டுவந்து போர்த்துகிற உரிமை இருக்கிறவன் ஒருத்தன்தான். அவன் வருவான். நல்ல புடவையாகத்தான் எடுத்து வருவான், மார்பில் அடித்துக்கொண்டு அழவும் செய்வான், அந்த அழுகை பொய்யாகவும் இருக்காது. நீ அதைக் கையில் வாங்காதே. அது என் மேல் விழக் கூடாது. செல்வி தைத்து வைத்திருக்கிற எதையாவது போர்த்தி அனுப்பு. கூட்டத்தில் யாராவது, கூடப் பிறந்தவன் கோடியை வேண்டாம் என்கிறாயே, அப்படி என்ன செய்துவிட்டான் என்று உன்னைக் கேட்டால், நீ ஒன்றும் விளக்க வேண்டாம். அம்மா எல்லோரையும் மன்னித்துவிட்டுத்தான் போனாள், ஒருத்தனைத் தவிர என்று சொல். பெயர் கேட்டால் சத்தமாகவே சொல், அவன் காதில் விழட்டும்: சிகாமணி.